பதக்கமும் ஆந்தையும்

(பாளையங்கோட்டையில் நூலக வாசகர் வட்ட ஆண்டுவிழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, தன் பள்ளிப் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் அழைத்து வந்திருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, பதிவுத்துறையில் முப்பதாண்டுக்கு மேல் தூசி குடித்து ஓய்வு பெற்ற பெரியவர் அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தந்த நூலகர் அவர்களே, ஒலிபெருக்கித் தம்பி உட்பட எல்லோருக்கும் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன ஆண்டு ஒருவரை விட்டதற்கு இன்றுவரை பேச்சு நின்றபாடில்லை என்று செயலாளர் எச்சரித்தார்.

மூன்று செய்திகள் பேசப் போகிறேன். ஒன்று, கென்யாவின் நாண்டி மலை. இரண்டு, இன்றைய தான்சானியாவின் தாங்கா கடற்கரை. மூன்று, பாலஸ்தீனம். மூன்றுக்கும் நடுவே நிற்பவர் ஒரே ஆள், கர்னல் ரிச்சர்ட் மைனர்ட்ஷாகன். பெயர் வாயில் நுழையாது. இனி கர்னல் என்றே சொல்லிவிடுகிறேன்.

நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் ஒரு பழமொழியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இவர் வாழ்க்கைக்குள் நுழைய வேண்டும். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். நீதிபதி ஐயா தலையசைக்கிறார். அவருக்கு அது தொழில். எனக்கு அது வியாதி என்று வீட்டில் சொல்வார்கள்.

கர்னல் பிறந்தது 1878 மார்ச் 3, லண்டனில். வங்கி நடத்திய பெரும் பணக்காரக் குடும்பம். சமூகவியல் அறிஞர் பீட்ரிஸ் வெப் இவருக்குச் சின்னம்மா முறை. வங்கி வேலை பிடிக்காமல் 1899-இல் ராயல் ஃபியூசிலியர்ஸ் படைப்பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்து இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் வந்தார். 1902-இல் கிங்ஸ் ஆப்பிரிக்கன் ரைஃபிள்ஸ் படைக்கு மாறி, இன்று கென்யா என்று நாம் சொல்லும் பிரிட்டிஷ் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனார். ஆப்பிரிக்கச் சிப்பாய்கள், வெள்ளை அதிகாரிகள். அந்தப் படையின் அமைப்பு அது. 1904-இல் அங்கிருந்து அவர் அனுப்பிய தோலையும் எலும்பையும் வைத்துத்தான் காட்டுப் பெரும்பன்றி என்ற விலங்கு அறிவியலுக்கே தெரியவந்தது. அதன் அறிவியல் பெயரில் இன்றும் இவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது உண்மை. இவர் சொன்னது எல்லாமே பொய் என்று எளிதாக முடித்துவிட முடியாது, சிக்கலே அங்கேதான்.

இப்போது நாண்டி மலை. மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிக்கரை வரை 1896-இல் தொடங்கி 1901-இல் தண்டவாளம் போட்டார்கள். மண் வெட்டியவர்களில் 32,000 பேர் வரை இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, ஒப்பந்தத்தில் கொண்டுபோகப்பட்டவர்கள். ஏறத்தாழ 2,500 பேர் அந்த வேலையிலேயே செத்தார்கள். பாதை நாண்டி என்ற மலை மக்களின் மேய்ச்சல் நிலத்தைத் தொட்டது. தங்கள் மண்ணைப் புகையும் நெருப்பும் கக்கிக்கொண்டு ஒரு பாம்பு கடக்கும் என்று நாண்டிகளின் பழைய குறிசொல்லி கிம்ன்யோலே முன்பே சொல்லியிருந்ததாக அவர்கள் வழக்கு. அவர் மகன்தான் கோய்தலெல் அராப் சமோயி. பதவியின் பெயர் ஒர்கோய்யோத். பூசாரி, ஆலோசகர், தலைவர் எல்லாம் ஒருவரே. நாண்டி வீரர்கள் தந்திக் கம்பியை அறுத்து வளையும் கழுத்தணியும் செய்தார்கள், தண்டவாளத் திருகாணிகளைக் கழற்றி ஆயுதம் அடித்தார்கள். இது சில்லறைத் திருட்டு என்று வெள்ளைக்காரன் எழுதினான். தந்தி அறுந்தால் பட்டாளம் வர நாளாகும் என்ற கணக்கு அதற்குள் இருந்ததை எழுதவில்லை. பத்தாண்டு இப்படி ஓடியது.

1905 அக்டோபர் 19. கர்னலுக்கு அப்போது வயது 27. பேச்சுவார்த்தை என்று கோய்தலெலுக்குச் சொல்லியனுப்பினார். 80 பேரைக் கூட்டிக்கொண்டு போய், பெரும்பாலானவர்களை மறைவில் நிறுத்திவிட்டு, ஐந்து பேரோடு முன்னால் நடந்தார். சந்திப்பு முடிந்தபோது கோய்தலெலும் அவரோடு வந்தவர்கள் 20-க்கும் மேற்பட்டோரும் பிணமாகக் கிடந்தார்கள். தன்னைப் பதுங்கித் தாக்கத் திட்டமிட்டிருந்தார்கள், முந்திக்கொண்டேன் என்றார் கர்னல். சமாதானம் பேச வந்தவரைக் கைக்கெட்டும் தூரத்தில் சுட்டார் என்கிறார்கள் நாண்டிகள். மூன்று விசாரணை மன்றங்கள் கூடின. மூன்றும் அவரைக் குற்றமற்றவர் என்றன. ஆனால் குற்றமற்ற அதிகாரியை 1906-இல் ஆப்பிரிக்காவை விட்டே வெளியேற்றினார்கள். தீர்ப்பு ஒரு பக்கம், நடவடிக்கை மறு பக்கம். நீதிபதி ஐயா இதை எப்படிப் படிப்பார் என்று தேநீர் நேரத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

தலைவர் போன பிறகு நடந்த படையெடுப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாண்டிகள் செத்தார்கள். ஆடுமாடுகளைப் பல்லாயிரக்கணக்கில் ஓட்டிக்கொண்டு போனார்கள். கோய்தலெலின் தலையை வெட்டி எடுத்துப் போனார்கள் என்ற செய்தி அந்த மலையில் இன்றும் உயிரோடு இருக்கிறது, தலை இன்றுவரை கிடைக்கவில்லை. கிடைத்தவை அவருடைய அதிகாரக் கோல்கள். கர்னலின் மகனிடம் இருந்த அவை 2006-இல் கென்யாவுக்குத் திரும்பின. நாண்டி ஹில்ஸில் கோய்தலெல் பெயரில் அருங்காட்சியகமும் இருக்கிறது. நூறாண்டு கழித்து ஒரு கோல் வீடு திரும்புகிறது என்றால், அது யாரிடமிருந்து யார் கைக்குப் போனது என்ற சங்கிலி அறுபடாமல் இருந்ததால்தான். இந்தச் சங்கிலியை மனத்தில் வையுங்கள், பின்னால் வேண்டும்.

இரண்டாவது, தாங்கா. நம் ஊர்க்காரர்கள் நிமிர்ந்து உட்காருங்கள், ஏனென்றால் அங்கே போனது 63-ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி. சென்னை ராணுவத்தின் பழைய படை. பெயரே நம் ஊர்.

1914-இல் உலகப் போர். ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவைப் பிடிக்க இந்தியாவிலிருந்து ‘பி’ படை என்று 8,000 பேரை அனுப்பினார்கள். தளபதி மேஜர் ஜெனரல் ஏய்ட்கன். உளவு அதிகாரி நம் கர்னல். எதிரே ஜெர்மன் தளபதி லெட்டோவ்-ஃபோர்பெக், அவரிடம் சுமார் 1,000 பேர். எட்டுக்கு ஒன்று. தோற்றது எட்டு.

ஏன் தோற்றது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழி முழுவதையும் சிப்பாய் தலையில் கட்டிவிட்டார்கள். கப்பலில் ஏற்றிய பிறகும் பம்பாய்த் துறையிலேயே காக்க வைத்தார்கள். அக்டோபர் 16-இல்தான் புறப்பாடு. நெருக்கமான தட்டு, கடல்நோய், ஒரு மாதம் போல நடையே கிடையாது. மொம்பாசாவில் இறக்கிக் கால் நீட்ட விடலாம் என்ற யோசனையைத் தளபதி தள்ளிவிட்டார். பல பேருக்குப் புதுத் துப்பாக்கி புறப்படும் நேரத்தில்தான் கைக்கு வந்தது. ஒரு துப்பாக்கி கைக்குப் பழக வேண்டுமானால் ஆளுக்குச் சில நூறு தோட்டாவாவது சுட்டுப் பார்க்க வேண்டும், கப்பல் தட்டில் அது நடக்குமா? நவம்பர் 2 காலை ஃபாக்ஸ் என்ற போர்க்கப்பலின் தலைவர் துறைமுகத்துக்குள் போய், தாங்காவைத் தாக்குவதில்லை என்று முன்பு செய்த உடன்பாடு இனி செல்லாது, ஒரு மணி நேரத்தில் சரணடையுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தார். ஊருக்குள் கொடி இறங்கவில்லை. இவர்கள் இல்லாத கண்ணிவெடியைத் துறைமுகத்தில் துழாவிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் லெட்டோவ் மோஷியிலிருந்து உசம்பரா ரயிலில் ஆள் ஆளாக இறக்கிக்கொண்டிருந்தார். இரவில் சதுப்புக்காட்டுக் கரையில் இறக்கம். முன்னால் போய் வேவு பார்த்தவர் யாரும் இல்லை. நவம்பர் 4 வெயிலில், ரப்பர்த் தோட்டத்துக்கும் புதருக்கும் நடுவே, பக்கத்து ஆளே தெரியாத இடத்தில் வரிசையாக நடக்கச் சொன்னார்கள். இயந்திரத் துப்பாக்கி சுட ஆரம்பித்ததும் வரிசை சிதறியது. அதில் நம் பாளையங்கோட்டைப் படையும் உண்டு.

போதாக்குறைக்குத் தேனீ. மரத்தில் கட்டியிருந்த குடைந்த கட்டைக் கூடுகளைத் தோட்டா துளைக்க, கூட்டம் கிளம்பி இரண்டு பக்கத்தையும் கொட்டியது. ஜெர்மானியர்கள் கம்பி கட்டித் தேனீயை ஏவினார்கள் என்று லண்டன் பத்திரிகையில் வந்தது. காதால் கேட்பதும் பொய்!

மறுநாள் கப்பல் ஏறினார்கள். பிரிட்டிஷ் பக்கம் சாவு 360, காயம் 487. கரையில் விட்டுப்போன 16 இயந்திரத் துப்பாக்கியையும் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட தோட்டாவையும் வைத்து லெட்டோவ் அதன்பின் பல மாதம் போரே நடத்தினார். காயம்பட்டவர்கள் விஷயமாக வெள்ளைக்கொடியோடு ஜெர்மானியரிடம் போனவர் கர்னல். அந்த வாரத்தைப் பற்றி உலகம் அதிகம் மேற்கோள் காட்டுவது எதை? அவருடைய நாட்குறிப்பை. அதில் நம் சிப்பாய்க்கு இருக்கும் பெயர் கோழை, குப்பை. அந்தச் சிப்பாய்களில் ஒருவர் எழுதிய வரி எதையும் யாரும் மேற்கோள் காட்டக் கண்டதில்லை.

சரி, அந்த நாட்குறிப்பு எப்படிப்பட்டது? 70-க்கும் மேற்பட்ட தொகுதி, ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. தட்டச்சு செய்தது, கழற்றி மாட்டும் தாள். கையெழுத்து மூலம் இல்லை. ஆராய்ந்தவர்கள் தாளையும் தட்டச்சு எழுத்தையும் ஒப்பிட்டு, சில பக்கங்கள் பின்னாளில் செருகியவை என்றார்கள். அதனால்தான் அதில் கர்னல் எப்போதும் முன்கூட்டியே எல்லாம் சொல்லிவிடுகிறார்! ஹிட்லரைப் பார்க்கப் போனதாக அதில் ஒரு கதை: ஹிட்லர் கையைத் தூக்கி “ஹைல் ஹிட்லர்” என்றாராம், இவர் கையைத் தூக்கி “ஹைல் மைனர்ட்ஷாகன்” என்றாராம். (சிரிப்பு) சிரிக்கிறீர்கள். இது பல காலம் வரலாறாகவே ஓடியது.

இப்போது ஆந்தை. அழைப்பிதழில் ‘ஆப்பிரிக்காவில் ஓர் அதிகாரி’ என்றுதானே போட்டிருந்தது என்று கேட்காதீர்கள். இந்த ஆளைப் பிடித்ததே பறவைதான்.

கர்னல் 1916-இல் டி.எஸ்.ஓ. என்ற ராணுவப் பதக்கம் வாங்கினார், 1925-இல் ராணுவத்தை விட்டார், பிறகு பறவை சேகரிப்பில் உலகப் புகழ் பெற்றார். 1954-இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது சுமார் 20,000 பறவைத் தோல். இதில் ஒன்று வனச் சிற்றாந்தை. கையளவு ஆந்தை, நம் நாட்டில் மட்டுமே உள்ளது. 1872-இல் பிளூயிட் என்பவர் முதலில் பிடித்தார். 1880-களில் கான்தேஷ் பக்கம் ஜேம்ஸ் டேவிட்சன் என்ற அதிகாரி சில பிடித்தார். உலக அருங்காட்சியகங்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும் ஏழே தோல். கடைசித் தோலின் சீட்டில் என்ன இருக்கிறது? குஜராத், மாண்ட்வி, 1914 அக்டோபர், சேகரித்தவர் மைனர்ட்ஷாகன். இதை நம்பி நம் பறவை அறிஞர் சாலிம் அலியும் அமெரிக்க அறிஞர் ரிப்ளியும் மாண்ட்வி பக்கம் தேடினார்கள். ஓர் இறகு இல்லை.

மாதத்தைக் கவனித்தீர்களா? 1914 அக்டோபர். பம்பாயிலிருந்து படை கிளம்புகிற அதே மாதம். உளவு அதிகாரிக்கு ஆந்தை பிடிக்க நேரம் இருந்திருக்கிறது பாருங்கள்.

பறவையைப் பாடம் பண்ணுவது எப்படி என்று பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் துப்புத் துலங்கியது புரியாது. மார்பெலும்பு முடியும் இடத்திலிருந்து வால் அடி வரை ஒரு கீறல். தோலைக் காலுறை கழற்றுவது போல உட்புறம் வெளியே வரப் புரட்டிக்கொண்டே தலைவரை போக வேண்டும். உடலை எடுத்துவிட வேண்டும். மண்டையோடு, இறக்கை எலும்பு, கால் எலும்பு மட்டும் தோலோடு நிற்கும். மூளையையும் கண்ணையும் எடுத்து, கண் குழியில் பஞ்சு வைப்பார்கள். கொழுப்பைச் சுரண்ட வேண்டும், சோம்பேறித்தனமாக விட்டால் ஆண்டு போகப் போக அது மஞ்சளித்துப் பஞ்சில் ஊறித் தோலையே அரிக்கும். பூச்சிக்கு ஆர்செனிக் சவுக்காரம் தடவி, குச்சியில் பஞ்சு சுற்றி உடலாக நுழைத்து, கீறலைத் தைத்து, காலைக் கட்டி, கட்டிய நூலிலேயே சீட்டு: நாள், இடம், ஆணா பெண்ணா, யார் பிடித்தது. இதில் இறக்கையை எப்படி மடித்துக் கட்டுகிறோம், எந்தத் தையல், எவ்வளவு பஞ்சு, எந்த எலும்பை வெட்டினோம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். தையற்காரர் காஜா எடுப்பதைப் பார்த்தே எந்தக் கடைச் சட்டை என்று சொல்லுகிறோமே, அதே கதைதான்.

1919-லேயே இவர் தோல்களை எடுத்துப் போகிறார் என்று லண்டன் அருங்காட்சியகம் இவரைப் பறவை அறையிலிருந்து ஒன்றரை ஆண்டு விலக்கி வைத்தது. பெரிய மனிதர் ராத்ஸ்சைல்ட் பிரபு தலையிட, கதவு திறந்தது. பதக்கம் பெற்றவர், பணக்காரர், பிரபுக்களோடு விருந்துண்பவர்; யார் கேட்பது? 1951-இல் பறவையியலாளர் சங்கம் பதக்கம் தந்தது, 1957-இல் அரசு சி.பி.இ. பட்டம் தந்தது. 1967 ஜூன் 17-இல் இறந்தார். பல பேருக்குத் தெரியும், யாரும் அச்சில் சொல்லவில்லை. 1993-இல்தான் ஆலன் நாக்ஸ் என்ற ஆய்வாளர் ரெட்போல் என்ற சிறு குருவியின் தோல்களை நுணுகிப் பார்த்து, கர்னல் சீட்டுக் கட்டிய குருவிகள் வேறு ஆட்கள் பாடம் செய்தவை, அருங்காட்சியகத்திலிருந்தே போனவை என்று அச்சில் போட்டார்.

பிறகு அமெரிக்கப் பறவையியலாளர் பமேலா ராஸ்முசன். தெற்காசியப் பறவைகளுக்கான பெரிய நூல் வேலைக்காக இந்த ஆந்தையை எடுத்துப் பார்த்தார். மேலே புதுப் பஞ்சு. தையலைப் பிரித்து மறுபடி போட்ட அடையாளம். எக்ஸ்-கதிரில் எலும்பும் கட்டும் அச்சு அசலாக டேவிட்சன் வேலை. பழைய பஞ்சின் மிச்சமும் உள்ளே மாட்டியிருந்தது. ஆக, 1880-களில் டேவிட்சன் பிடித்த ஆந்தையைத் திருடி, சீட்டைக் கிழித்து, உள்ளே பிரித்து மறுபடி அடைத்து, மாண்ட்வி என்று ஊரையும் 1914 என்று நாளையும் புதிதாக எழுதியிருக்கிறார். அந்தச் சீட்டைத் தள்ளிவிட்டு, பழைய, உண்மையான சீட்டுகளில் இருந்த ஊர்களை மட்டும் நம்பி ராஸ்முசன் இரண்டு தோழர்களோடு கிளம்பினார். 1997 நவம்பரில், மகாராஷ்டிரத்தில் ஷஹாதா பக்கத்துக் குன்றில், பட்டப்பகலில், மொட்டைக் கிளையில் ஆந்தை உட்கார்ந்திருந்தது! கடைசி உண்மைத் தோலுக்குப் பிறகு 113 ஆண்டு! இல்லை என்று எழுதிவிட்ட பறவை, பொய்ச் சீட்டு காட்டிய ஊரில் தேடாமல் விட்டதும் கிடைத்தது. (கைதட்டல்) தட்ட வேண்டியது டேவிட்சனின் தையலுக்கு.

கண்ணால் காண்பதும் பொய். சீட்டைக் கண்ணால்தானே கண்டார்கள்? தீர விசாரித்தது தையல்.

இதற்காகத்தான் இந்த மேடைக்கு வந்தேன் என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பதிவுத்துறைப் பெரியவருக்குத் தெரியும், இந்த மாவட்டத்தில் பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கோயில் கணக்கு, கிராமக் கணக்கு, பட்டாளத்துக்குப் போனவர் வீட்டுக் கடிதம், ஓய்வூதியப் புத்தகம் எல்லாம் எடைக்குப் போகின்றன. தாங்காவில் நம் படை என்ன பட்டது என்று கர்னலின் தட்டச்சைத் தவிர வேறு எங்கே பார்ப்பது? நம் வீட்டுப் பரண்தான். அதனால் மாவட்ட நூலகத்தில் மூலப் பதிவேட்டு அறை ஒன்று வேண்டும். உறுப்பினர் அம்மா, ஒரே ஓர் அறை, கிழக்குச் சுவர் இல்லாத அறை. மழைச் சாரல் அடிக்கும் சுவர் வேண்டாம்.

அறை வரும்வரை வீட்டில் செய்ய வேண்டியது. லேமினேட் பண்ணாதீர்கள், பண்ணவே பண்ணாதீர்கள். சூட்டில் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிவிடும், பிறகு பிரிக்க முடியாது, தாளுக்குள் இருக்கும் அமிலம் உள்ளேயே வெந்துகொண்டிருக்கும். செல்லோடேப் ஆகாது, பத்தாண்டில் பழுப்பேறி, பசை கசிந்து, எழுத்தைத் தின்னும். பைண்டர் மைதாப் பசையில் மயில்துத்தம் போடுவார், பூச்சி வராது, ஆனால் துத்தத்தில் இருக்கும் செம்பு தாளை நொறுக்கும். குண்டூசியைக் கழற்றி விடுங்கள், துருதான் முதல் ஓட்டை. அலமாரியைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி வைத்தால் ஈரமும் இராமபாணப் பூச்சியும் குறையும். குறிப்பு எழுத வேண்டுமானால் பென்சில், அதுவும் ஓரத்தில். ஸ்கேன் செய்து படம் எடுத்துக்கொள்ளுங்கள், 400 டி.பி.ஐ. நுணுக்கம் போதும். ஆனால் படம் எடுத்துவிட்டோமே என்று மூலத்தைத் தூக்கிப் போடாதீர்கள். படத்தில் தாளின் எடை தெரியாது, மை எந்த வகை என்று தெரியாது, தையல் பிரித்துக் கட்டியதா என்று தெரியாது. எக்ஸ்-கதிருக்கு ஆந்தையே வேண்டும், ஆந்தையின் புகைப்படம் போதாது.

முக்கியமானது, ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கூடவே வையுங்கள்: யார் வீட்டுப் பொருள், எந்த ஆண்டு வந்தது, யார் கொடுத்தது, யார் வாங்கியது. கோய்தலெலின் கோல் வீடு திரும்பியது இந்த நாலு வரியால்.

செயலாளர் மணியைத் தொட்டுவிட்டார். மூன்றாவது செய்தி, பாலஸ்தீனம், 1917, துருக்கியரை ஏமாற்றப் பொய்த் திட்டத் தாள்களை வைத்து இரத்தக் கறையோடு போட்டுவிட்டு வந்த பை. அந்தப் பையைப் போட்டவர் உண்மையில் நம் கர்னலா வேறு ஒருவரா என்பதே பெரிய வழக்கு. அது இன்னொரு மாலைக்குத்தான். நீதிபதி ஐயா தலைமை தாங்கச் சம்மதித்தால் வாதம் வைக்கிறேன்.

வாசல் மேசையில் கோரிக்கைத் தாள் இருக்கிறது. கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதியும் முகவரியும் எழுதுங்கள், தேதி இல்லாத கையெழுத்து வேண்டாம். நீலமோ கறுப்போ எழுதலாம், ஜெல் பேனா வேண்டாம், சிலவற்றின் மை நனைந்தால் ஓடிவிடும். தேநீர் அதற்கு அடுத்த மேசையில். தாள் மீது டம்ளரை வைத்துவிடாதீர்கள்.

நன்றி, வணக்கம்.